பத்தாவது ஆள்

பத்துப் பேருக்குக் குறைந்தால் படகை எடுக்க முடியாது என்று அந்தமான் படகுக்காரன் கறாராகச் சொல்லிவிட்டானாம். ராக்கியண்ணன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். மூன்று தடவையும் மருதாசலத்தின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னான். மருதாசலத்துக்குப் புரியாமல் இல்லை. நாற்பது வருஷம் கூட்டம் நடத்தியவருக்கு, பேசுகிறவன் எங்கே பார்க்கிறான் என்பதை வைத்தே அவன் மனதில் இருப்பது தெரிந்துவிடும். இந்தச் சங்க அறையில் அவரையும் சேர்த்து ஒன்பது பேர் இருக்கிறார்கள். பத்தாவது ஆள் கீழே பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வந்திருப்பதை இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போதே அவர் பார்த்துவிட்டார், முதுகைத்தான் பார்த்தார், முதுகே போதும், முப்பத்தைந்து வருஷமாக ஆறுக்குட்டியின் முதுகைத்தானே பார்த்துவருகிறார். டவுன் பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், ஒருமுறை கண் ஆஸ்பத்திரியில்கூட. அவரைக் கண்டதும் அவன் திரும்பிக்கொள்வான். சண்டைக்காரன் திரும்புவதுபோல இருக்காது, மழைக்கு ஒதுங்குகிறவன்போல மெதுவாக ஒதுங்கித் திரும்புவான். அந்த ஒதுக்கம்தான் அவருக்குப் பிடிக்காது. முறைத்துவிட்டுப் போனால்கூடத் தேவலை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் விழுந்து, தேங்காய் பன்னின் மேல் உட்கார்ந்த ஈக்களைப் பளபளக்க வைத்தது. ஜன்னலுக்கு வெளியே, செல்வநாயகி மில் இருந்த இடத்தில், பதினான்கு மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு. நூற்பாலையின் கேட் இருந்த இடத்தில் இப்போது நீச்சல் குளம் என்று கேள்வி. உள்ளே போய்ப் பார்க்க வாட்ச்மேன் விடமாட்டான். எந்த கேட்டை மறித்து வேலைநிறுத்தம் செய்து தொண்ணூற்று நான்கு நாள் உட்கார்ந்தோமோ அந்த இடத்தில் எவன் பிள்ளையோ ரப்பர் வாத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறது.

தீவு என்கிறான், பவளப்பாறை என்கிறான், அடியில் கண்ணாடி வைத்த படகு என்கிறான். ராக்கியண்ணனின் மாப்பிள்ளை அங்கே மின்வாரியத்தில் இருக்கிறார், அவர்தான் எல்லாம் பேசி வைத்திருக்கிறார். ஆறு நாள். இரண்டு நாள் படகிலேயே மீன்பிடிப்பு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவது, மத்தியானம் பிடித்த மீனையே படகில் வறுத்துக் கொடுப்பார்கள். கேட்கக் கேட்க ஒவ்வொருவர் முகமும் மாறியது. எல்லாரும் எழுபதை நெருங்கியவர்கள், பாதிப் பேர் தாண்டியவர்கள், நுரையீரலில் பஞ்சுத் தூசியும் காதில் மிஷினின் இரைச்சலும் மிச்சமிருப்பவர்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த அறையில் கூடி, போன மாதம் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று பேசி, இரங்கல் தீர்மானம் போட்டு, பன் தின்று, கலைகிறவர்கள். இரண்டு வருஷத்தில் இரங்கல் தவிர வேறு தீர்மானம் இந்த அறையில் போட்டதாக நினைவில்லை. இன்றைக்குத்தான் நிகழ்ச்சி நிரலில் உயிரோடு இருக்கிறவர்களுக்கென்று ஒரு விஷயம். நொய்யலில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கப் போகிற ஊர்க்காரர்கள் கடலில் மீன்பிடிக்கப் போகிறார்களாம். உல்லாசப் பயணம். அந்தச் சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார், வாயில் கசந்தது. ஆனால் கசப்பு முழுக்க நியாயமில்லை என்பதும் தெரிந்தது, ஏனென்றால் எண்பத்தொன்பதில் நிர்வாகத்துக்குக் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் பதினொன்றாவது கோரிக்கை அவர் கைப்பட எழுதியது: ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளி குடும்பத்தோடு சுற்றுலா செல்லச் சம்பளத்துடன் விடுப்பு. மேனேஜர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சொந்தத் தோழர்களும் சிரித்தார்கள். ஏனுங்கண்ணா, நம்ம என்ன கலெக்டருங்களா, ஊர் சுத்தறதுக்கு என்றார்கள். அவர் சிரிக்கவில்லை. நாலணாத் துண்டுப் பிரசுரங்களில் எழுத்துக்கூட்டிப் படிப்பு கற்றவர் அவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பை அந்தச் சாணித்தாள் வெளியீடுகள்தான் முடித்துவைத்தன. ஓய்வு என்பது பிச்சையல்ல, உரிமை என்று அவற்றில் போட்டிருந்தது. அச்சில் இருந்ததை அவர் நம்பினார். அந்த உரிமை இப்போது மருமகன் மூலமாக வருகிறது, மில்லும் போய், பல்லும் போய், படகில் கைபிடித்து ஏற்றிவிட ஆள் வேண்டிய வயதில்.

"நம்ம ஒன்பது பேரு. இன்னொருத்தர் வேணும்" என்றான் ராக்கியண்ணன் காலண்டரிடம். ராமாத்தாள் சும்மா இருக்கவில்லை, அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் முப்பது வருஷம் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிய தொண்டை அது. "காலண்டரு அந்தமானுக்கு வருமா, ராக்கியண்ணா? அந்தப் பக்கம் திரும்பித் தலைவரைக் கேளு" என்றாள். யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். தலைவர் என்று அவள் சொல்வதில் ஒரு முள் இருக்கும், எப்போதும் இருந்தது. தீர்மானம் இருக்கிறது. அதுதான் விஷயம். எண்பத்தொன்பதில் போட்ட தீர்மானம், எழுதிய கறுப்பு அட்டை நோட்டு அந்த பீரோவில் இன்னும் இருக்கிறது: வேலைநிறுத்தத்தின் எழுபத்தோராம் நாள் போலீஸ் காவலோடு மில்லுக்குள் போன ஆறுக்குட்டியோடு சங்கத்தைச் சேர்ந்த எவரும் ஒரே பந்தியில் உட்காருவதில்லை, ஒரே வண்டியில் ஏறுவதில்லை, நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. முன்மொழிந்தவர் மருதாசலம். வழிமொழிந்தவன் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. போட்டவர் வாயாலேயே திரும்பப் பெற்றால் ஒழியத் தீர்மானம் நிற்கும் என்பது சங்க விதி, அதையும் எழுதியவர் அவர்தான். மில் இல்லை, வேலை இல்லை, எதிர்த்துப் போராட முதலாளிகூட இல்லை, அவனும் செத்து அவன் பேரன்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், ஆனாலும் விதி நின்றது. வேறு யாராக இருந்தாலும் இந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் பத்தாவது பெயரை எழுதிக்கொண்டு டிக்கெட் போட்டிருப்பார்கள். இவர்கள் மாட்டார்கள். தீர்மானம் நிற்கும்போது ஒரு பெயரைப் பட்டியலில் சேர்க்க ராக்கியண்ணனின் கை வராது. அப்படிப் பழக்கியவர் அவர். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் இப்போது சட்டைக் காலருக்குள் கையை விட்டுக் கழுத்தைப் பிடிக்கிறது. போன மாதமே ராக்கியண்ணன் பொடிவைத்துப் பேசினான். சிங்காநல்லூர் குளத்தில் தினமும் தூண்டில் போடுகிற ஒரே ஆள் நம்ம ஆட்களில் ஆறுக்குட்டிதானுங்க, வலை, நூல், முள் எல்லாம் அவனுக்குத்தான் தெரியும் என்றான். அவர் தினத்தந்தியைப் புரட்டிக்கொண்டிருந்தார். காது கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

கொள்கை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கிழவன் பிடிவாதக்காரன், கருங்காலியை மன்னிக்க மாட்டான், எலும்பு முழுக்கக் கொள்கை என்று. நினைத்துக்கொள்ளட்டும். படகை நினைத்தால் அவருக்குத் தண்ணீர் பயமில்லை. நீச்சல் தெரியாது, தெரியாவிட்டால் என்ன, எழுபத்தாறு வயதில் கடலில் போனால் கட்டிலில் போவதைவிட மோசமா. பயம் வேறு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு படகு. பத்துப் பேர். எழுந்து போக இடமில்லை, திரும்பிக்கொள்ளவும் இடமில்லை, இந்தப் பக்கம் திரும்பினால் கடல், அந்தப் பக்கம் திரும்பினால் அவன் முகம். மீன் கடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், சும்மா இருக்கிறவர்கள் பழையதைத்தான் பேசுவார்கள், பழையது என்றால் எண்பத்தொன்பது, எண்பத்தொன்பது என்றால் எழுபதாம் நாள். அந்தச் சாயங்காலம். மில் கேட்டுக்கு எதிரே தென்னங்கீற்றுப் பந்தல், அதில் அவர் மட்டும் இருந்தார், மற்றவர்கள் அரிசி வசூலுக்குப் போயிருந்தார்கள். அன்று மத்தியானம்தான் தொழிலாளர் அலுவலக குமாஸ்தா ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், மில்லின் மற்ற இரண்டு சங்கமும் நிர்வாகத்தோடு ஒப்பந்தக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டாயிற்று, இனி போராட்டம் தாங்காதுங்க என்று. தோற்றுவிட்டது. அதை அவர் ஒருவர்தான் அறிவார். சொல்லலாம், சொன்னால் நாளைக்கே பந்தலைப் பிரித்துவிட்டு எல்லாரும் சேர்ந்து உள்ளே போகலாம். ஆனால் தோற்றாலும் தலை நிமிர்ந்து தோற்க வேண்டும் என்று எந்தப் பிரசுரத்திலோ படித்தது நெஞ்சில் நின்றது. அப்போதுதான் ஆறுக்குட்டி வந்தான். செருப்பைப் பந்தலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தான், கோயிலுக்கு வருகிறவன்போல. "அண்ணா, இது ஜெயிக்குங்களா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜெயிக்கும்னா இருந்துக்கறேன். இல்லைன்னா நாளைக்கு உள்ள போயிர்றேன்" என்றான். குரல் உயரவில்லை. அவன் மனைவி நாச்சாத்தாள் ஏழு மாதக் கர்ப்பம். வீட்டில் அடுப்பு இரண்டு நாளாக எரியவில்லை என்பதை அவன் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். ஜெயிக்கும் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. தோற்றுவிட்டது என்று உண்மை சொல்லவும் வரவில்லை. கையிலிருந்த நோட்டீஸை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். உன் மனசாட்சிப்படி செய் என்றார். சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மறுநாள் காலை போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் அவன் தலை குனிந்து கேட்டைத் தாண்டியபோது, கருங்காலி ஒழிக என்ற முதல் குரல் அவருடையது. அன்று மத்தியானம் தீர்மானம். மேலும் இருபத்து மூன்று நாள் கழித்து, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே கேட் வழியாக எல்லாரும் உள்ளே போனார்கள், அவரும்தான். இருபத்து மூன்று நாள் முந்திப் போனவன் கருங்காலி. பிந்திப் போனவர்கள் தோழர்கள்.

அவன் ஏன் சொல்லவில்லை? இதுதான் முப்பத்தைந்து வருஷமாக அவரைக் குடைவது, பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் தூளைப்போல, நாக்கு போய்ப் போய் அங்கேயே நிற்கிறது. உங்க தலைவரைக் கேட்டுட்டுத்தான் போனேன் என்று ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள். ஒரு டீக்கடையில்கூட அவன் சொன்னதில்லை. இரக்கத்தினாலா? அவனிடமிருந்து இரக்கம் வாங்கிக்கொண்டா இத்தனை நாள் மேடையில் நின்றோம்? இல்லை, சொல்வதற்கு நேரம் பார்க்கிறானா? தொண்ணூற்றேழில் நாச்சாத்தாள் இறந்தாள். டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார், முன்னால் ஆறுக்குட்டி சட்டி ஏந்திப் போகிறான், பாடையைத் தூக்க வெட்டியான்களும் இரண்டு கூலிக்காரர்களும், பின்னால் ஒரு நாய்கூட இல்லை, அறுநூறு பேர் வேலை பார்த்த மில்லில் இருபது வருஷம் உழைத்தவள். பஸ் சிக்னலில் நின்றது. இறங்கியிருக்கலாம். அடுத்த நிறுத்தத்தில்கூட இறங்கியிருக்கலாம். அவர் கடைசி நிறுத்தம்வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினார். நாச்சாத்தாளுக்குப் பக்கத்து மிஷினில் நின்றவள் ராமாத்தாள். ஒரே தூக்குப்போசியில் பழைய சோறு தின்றவர்கள். அவளும் போகவில்லை. தீர்மானம் நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் அவரைத் தலைவரே என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவள் இப்போது மேஜையைத் தட்டினாள். "சொல்லுங்க தலைவரே. வாபஸ் வாங்கறீங்களா, இல்லை நாங்க அந்தமான டிவியில பாத்துக்கட்டுங்களா?" எட்டு முகங்களும் அவரை நோக்கின. எதிர்ப்பு இல்லை அந்த முகங்களில், கெஞ்சல்தான் இருந்தது. கடலைப் பார்க்காமல் சாகப் போகிறவர்கள் கெஞ்சுவது. எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. மேடையில் நிற்பதுபோல நின்று, எண்பத்தொன்பதில் தன்னால் முன்மொழியப்பட்ட தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். இவ்வளவுதானா என்று அவருக்கே வியப்பாக இருந்தது. கைதட்டினார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ராக்கியண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மேல வாங்க, மேல வாங்க என்றான். படியில் செருப்புச் சத்தம் மெதுவாக ஏறியது. ஒரு படி, நிற்பது, அடுத்த படி. மூச்சு வாங்குகிறது அவனுக்கும். ஆறுக்குட்டி வாசலில் வந்து நின்றான். முன்பல் இல்லை, தலை முழுக்க நரை, ஒரு மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்திருந்தான். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான். ஒருவர் பன் தட்டை அவன் பக்கம் தள்ளினார். ராக்கியண்ணன் கறுப்பு நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, தலை தூக்காமல் கேட்டான். "காரணம் என்னன்னு எழுதறதுங்கண்ணா? திரும்ப வாங்கினா காரணம் எழுதணுமே."

ஆமாம், எழுத வேண்டும். மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லலாம். காலம் கடந்துவிட்டபடியால். வயதைக் கருதி. இப்படி எத்தனை வாக்கியம் எழுதியவர், நினைத்தால் ஒரு நாளைக்கு நூறு எழுதுவார். ஆனால் எதிரே அவன் உட்கார்ந்து தட்டிலிருந்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான், பல் இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக. அவர்களோடு ஒரே பந்தியில். படகில் அவன் சொல்லப்போவதைத் தானே இங்கே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பயத்தினால்தான் தோன்றியது, நேர்மையினால் என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம். "எழுதிக்க, ராக்கியண்ணா. உள்ள போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறுக்குட்டி என்னை வந்து கேட்டான். ஜெயிக்காதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். போகாதேன்னு நான் சொல்லலை. தெரிஞ்சுட்டே அனுப்பிச்சுட்டு, மறுநாள் நான்தான் தீர்மானம் போட்டேன்." பேனா நகரவில்லை. கூச்சல் வரும் என்று எதிர்பார்த்தார். தூ என்று துப்புவார்கள் என்று எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகத் தோளை விறைத்துக்கொண்டு நின்றார், பழைய தடியடி நாட்களைப்போல. ராமாத்தாள் மட்டும் அவரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் முள் இல்லை, ஒன்றுமே இல்லை. "அப்ப நாச்சாத்தா செத்தப்ப நான் போகாம இருந்தது எதுக்குங்க?" என்றாள். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ராக்கியண்ணன் பக்கம் திரும்பி, "அதை எழுதாதே. எழுதினா நம்ம அத்தன பேரும் என்ன ஆகறது" என்றாள். யாரோ ஆமாங்க என்றார்கள். இன்னொருவர், பழசு எதுக்குங்க இப்ப என்றார். அப்போதுதான் ஆறுக்குட்டி பேசினான். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து, முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக. "வந்து கேட்டது நெசந்தானுங்கண்ணா. ஆனா நீங்க போகாதேன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். வீட்டுல பசி. என் கால்லதான் போனேன். உங்க பேச்சக் கேட்டுப் போகலை. அதையும் நீங்க எடுத்துக்காதீங்க." கோபமாகச் சொல்லவில்லை. தன் பையைத் தவறி எடுத்துக்கொண்டு போகிறவரிடம், அது என்னுதுங்க என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"காரணம்?" என்றான் ராக்கியண்ணன் மறுபடியும், யாரிடம் என்றில்லாமல். "படகுக்குப் பத்துப் பேர் வேணும்னு எழுது" என்றாள் ராமாத்தாள். அவன் எழுதினான், வாயசைத்துக்கொண்டே எழுதினான். கை தூக்கச் சொன்னான், எட்டுக் கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு உண்டா என்று கேட்க வேண்டியது முறை, கேட்டான். மருதாசலம் கையைத் தூக்கினார். ஒன்று என்று எழுதிக்கொண்டான். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, கிழவன் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டான், பழைய குணம் போகாது என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, ஒருவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவர் எதிர்த்தது வாபஸை அல்ல, எழுதிய காரணத்தை. எட்டுக்கு ஒன்று. தனியாள் சபைக்குக் கட்டுப்பட்டவன், எதிர்த்துக் கை தூக்கியவனும் நிறைவேறியதில் கையெழுத்துப் போட வேண்டும், போராட்டத்தில் எத்தனை பேரை இப்படி உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். நோட்டை அவர் பக்கம் தள்ளினான். படகுக்குப் பத்து நபர் தேவைப்படுவதால் என்று ராக்கியண்ணனின் கோணல் எழுத்தில் இருந்தது. அதன்கீழ் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார், மருதாசலம், முன்மொழிந்தவர், தேதி. பேனாவைக் கீழே வைப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த விஷயம் தூண்டில். ஆறுக்குட்டி மஞ்சள் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். குளத்து நூல் கடலுக்கு ஆகாதுங்க, பாரை மீன் ஒரே இழுப்புல அறுத்துட்டுப் போயிரும் என்று சொல்லத் தொடங்கினான். அந்தமானில் இதைவிடத் தடிமனாகக் கிடைக்குமா என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொன்னான். எல்லாரும் நாற்காலிகளை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், சிமெண்டுத் தரையில் இரும்புக் கால்கள் கிறீச்சிட்டன. ராமாத்தாள் நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தாள். மேஜையின் தலைமாட்டில் அவருடைய நாற்காலி மட்டும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அவர் கறுப்பு நோட்டை மூடினார். பிறகு எழுந்து, அதை அவரும் திருப்பிப் போட்டுக்கொண்டார்.